நான்கு ஆண்டுகள் ஓட்டிய மிக் இயந்திரமும் ஒரு ரப்பர் வளையமும்

என்னிடம் உள்ள அதே வகை 250 ஆம்பியர் இன்வெர்ட்டர் மிக் வெல்டிங் இயந்திரத்தின் விலை கடையில் இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கிரில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் சென்ற வாரம் கேட்டார். நான்கு ஆண்டுகள் ஓட்டியவன் என்ற முறையில் நிதானமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்; ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. ஓராண்டாக என்னை அலைக்கழித்த பின்ஹோல், அதாவது வெல்டுக்குள் விழும் ஊசித்துளை, தொல்லையின் காரணம் அதற்கு இரண்டு நாள் முன்புதான் பிடிபட்டிருந்தது.

மிக் வெல்டிங்கில் டார்ச் என்னும் கைப்பிடி வழியாகக் கம்பியும் கேஸும் சேர்ந்து வரும்; கம்பி உருகி இரும்பை இணைக்கும், வெளிக்காற்று கலந்து துளை விழாமல் கேஸ் காக்கும். இயந்திரத்தின் வேலையில் குறையில்லை. 0.8 மி.மீ. கம்பியில் மெல்லிய சதுரக் குழாயை ஓட்டை விழாமல் இணைக்கிறது; மின்னழுத்தம் ஏறி இறங்கும் எங்கள் பகுதியில் இதுவரை ஒரு போர்டுகூடப் போகவில்லை. தொல்லை வெல்டின் உள்ளே இருந்தது. மேற்பரப்பு ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போலப் பொத்தலாக வந்திருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பேன். எனக்கோ மேலே வழவழப்பாக அமைந்துவிடும். கிரைண்டர் வைத்து மட்டம் பிடித்ததும் ஊசிமுனைத் துளைகள் வரிசையாகத் தலைகாட்டும். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து அனுப்பிய கேட் ஒன்றில் முதல் மழைக்கே துளைதோறும் துருநீர் வழிய, வீட்டுக்காரர் என்னை நேரில் வரவழைத்துக் காட்டினார்.

முதலில் காற்றின் மேல் பழி போட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் ஆடி மாதத்தில் நுழையும் காற்றை அறிந்தவர்கள் என்னைத் தவறு சொல்லமாட்டார்கள். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசினாலே உருகிய உலோகத்தைப் போர்த்தியிருக்கும் கேஸ் கலையத் தொடங்கிவிடும். தார்ப்பாய் கட்டினேன், விசிறியை நிறுத்தினேன். ஐப்பசியிலும் துளை விழுந்தது. பிறகு துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைச் சந்தேகித்தேன். இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டியிருக்க, மேலே பூசிய துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி வெல்டுக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதால் பூச்சைத் தேய்த்துவிட்டு வெல்டு வைத்தேன்; பூச்சே இல்லாத கறுப்புப் பைப்பிலும் துளை வந்தது. கேஸ் போதவில்லை என்று நிமிடத்துக்கு 15 லிட்டரிலிருந்து 25க்கு ஏற்றியது நான் செய்த பெரிய முட்டாள்தனம். மிகையான வேகத்தில் வெளிவரும் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். துளைகள் கூடின, சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தது. டார்ச்சைத் தள்ளிப் பிடிக்கிறார் என்று உதவியாளரையும் திட்டித் தீர்த்தேன். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் கேஸ் வால்வை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். இயந்திரம் அதே துளைகளோடு திரும்பி வந்தது.

சிலிண்டர் மேலுள்ள ரெகுலேட்டரில் கேஸின் அளவைக் காட்டும் உருண்டை எப்போதும் 15இல் நின்றதுதான் என்னை ஏமாற்றியது. அது சிலிண்டரிலிருந்து கிளம்பும் கேஸின் கணக்கு; டார்ச்சின் வாய்க்கு வந்து சேர்வது வேறு கணக்கு. கம்பியை அழுத்தும் உருளையைத் தளர்த்திவிட்டு, டார்ச்சின் முனையான நாசிலின் வாயில், கேஸ் அளக்கும் மிதவைக் குழாயை வைத்து சுவிட்சை அழுத்தியபோது 6தான் காட்டியது. சோப்புத் தண்ணீர் வைத்து நான் முன்பே சோதித்திருந்தேன், ஆனால் சுவிட்சை அழுத்தாமல். வால்வு இயந்திரத்துக்குள் இருப்பதால், அழுத்தாதவரை அதற்கு அப்பால் கேஸே போகாது. பிறகு எங்கே நுரை வரும்? இந்த முறை சுவிட்சைப் பிடித்தபடி தடவினேன். டார்ச் இயந்திரத்தில் செருகும் இணைப்பில் நுரை பொங்கியது. கழற்றிப் பார்த்தால், கேஸ் நுழையும் ஊசிக்குழாயின் மேலிருந்த ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் காய்ந்து, ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. அந்த இடத்தில் சீறும் சத்தம் கேட்கிறது என்று உதவியாளர் ஆறு மாதம் முன்பே சொன்னாராம். இயந்திர விசிறியின் சத்தம் என்று தள்ளிவிட்டவன் நான்தான்.

ஆகவே இதை முழுக்க இயந்திரத்தின் குற்றம் என்று சொல்வது நியாயமில்லை. ரப்பர் என்றிருந்தால் காயத்தான் செய்யும். ஆனால் கையேட்டில் இந்த வளையத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாங்கிய இடத்தில் கேட்டால் வளையம் தனியாகக் கிடையாது, டார்ச்சையே மாற்றுங்கள் என்கிறார்கள். காற்றழுத்தக் குழாய்ச் சாமான் விற்கும் கடைக்குப் பழையதை எடுத்துப்போய், அளவு பார்த்து நான்கு வாங்கி வந்தேன். மீதி மூன்று இப்போது இயந்திரத்தின் பக்கக் கதவுக்குள் ஒட்டப்பட்டிருக்கின்றன. நாசில் சோதனையில் 14 லிட்டர் வருகிறது.

நண்பரிடம், எவ்வளவு விலை குறைந்தாலும் அதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அதே இயந்திரத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்கு வெல்டு வைத்து, தேய்த்து, நிரப்பிப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆனாலும் நண்பரை மறுபடி கூப்பிட்டுச் சொன்னதை மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.