மலைக்கு டப்பா, சேலத்துக்கு வேட்டி

என்னிடம் ஒரு 6 அங்குல டாப்சோனியன் இருக்கிறது; குழாயின் அடியில் குழிக்கண்ணாடி வைத்த டெலஸ்கோப். வருடத்தில் பாதி நாள் சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டிலும், மீதி நாள் ஏற்காட்டில் சித்தப்பா வீட்டிலும் குடியிருக்கும். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,200 மீட்டர் உயர வித்தியாசம். இந்த இரண்டு ஊர்களையும் வைத்துச் சொல்கிறேன்: டெலஸ்கோப்பை எதில் வைப்பது என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொருந்துகிற பதில் கிடையாது.

முதலில் வாங்கும்போது வந்த அட்டைப்பெட்டி. பலரும் அதைத்தான் பத்திரம் என்று நினைக்கிறோம், நானும் நினைத்தேன். ஒரு ஐப்பசியில் ஐபீஸ்களை (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் குழல்கள்) பஞ்சு வைத்த பெட்டியிலும் குழாயை அட்டைப்பெட்டியிலும் போட்டு, ஏற்காட்டிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். தை மாதம் போய்த் திறந்தால் குப்பென்று புழுங்கல் வாடை. 25 மி.மீ. ஐபீஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தேன். வில்லைக்குள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் சிலந்தி இழை மாதிரி ஓடியிருந்தது. பூஞ்சை. அது சுரக்கும் அமிலம் வில்லையின் மேல்பூச்சை அரிக்கும். பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் தடம் போகாது. அட்டையும் பஞ்சும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் சாமான்கள். மலையில் மூன்று மாத மழைக்கு அந்தப் பெட்டி ஒரு நாற்றங்கால்.

“பூட்டியே வெச்சா அது எப்படிப்பா மூச்சு விடும்?” என்றார் சித்தி. பாதி சரி. ஏற்காட்டு மழைக்காலத்தில் திறந்து வைத்தாலும் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அங்கே தேவைப்படுவது காற்றோட்டம் இல்லை, வறட்சி. 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 40 முதல் 50 வரை இருந்தால் நல்லது.

அந்த வறட்சிக்கு இரண்டு வழி. ஒன்று, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் கரன்ட் டிரை கேபினெட். வேண்டிய ஈரப்பத அளவைத் திருகி வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் வீட்டுக்கு வாங்குகிற அளவில் ஐபீஸ்களும் சின்ன லென்ஸ் டெலஸ்கோப்பும்தான் அடங்கும். என் நாலடிக் குழாய்க்கு அலமாரி அளவில் ஒன்று வேண்டும், விலையும் அந்த அளவில்தான். இன்னொன்று, மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பாவும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும். நான் இந்தப் பக்கம். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்தால் கரும்பச்சையாகும். பழைய வாணலி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, சிறு தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு. நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். டப்பாவுக்குள் சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் போடுங்கள்; அது இல்லாவிட்டால் ஜெல் வேலை செய்கிறதா என்பது வெறும் நம்பிக்கைதான். மறந்துபோகிற ஆள் என்றால் கேபினெட்டே வாங்கிவிடுங்கள். வறுக்க மறந்த ஜெல் வெறும் கூழாங்கல்.

ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுவது, அந்துருண்டை போடுவது இரண்டும் வேண்டாம். அரிசியில் மாவு உதிரும், அந்துருண்டை ஆவி கண்ணாடியில் படியும்.

சேலத்தில் கதை வேறு. இங்கே எதிரி தூசி. கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் தூசி, எங்கள் பக்கம் ரோட்டுத் தூசி. குழாயை ஹாலின் மூலையில் நிறுத்தி, இரண்டு முனைக்கும் மூடி போட்டு, மேலே என்ன போர்த்துவது என்பதுதான் கேள்வி. பிளாஸ்டிக் கவர் தூசியை நன்றாகவே தடுக்கும், கூடவே உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துத் தைத்த உறை கொஞ்சம் தூசி விட்டாலும் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. எனக்கு வேட்டிதான். கண்ணாடியில் படிந்த லேசான தூசி பிம்பத்தைக் கெடுப்பதில்லை. அதைத் துடைக்கிறேன் என்று துணியை எடுப்பதுதான் கெடுக்கும். கண்ணாடியின் மேல் இருக்கும் அலுமினியப் பூச்சின் கனம் சுமார் 100 நானோமீட்டர், ரோட்டு மணல் அதைவிடக் கெட்டி. காவலூர் வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் டெலஸ்கோப் கண்ணாடிக்கே அவ்வப்போது புதிதாகப் பூச வேண்டியிருக்கிறது, அதற்கு அங்கேயே எந்திரம் இருக்கிறது. நமக்கு இருப்பது காற்று ஊதும் ரப்பர் பந்து மட்டும்.

பரண் வேண்டவே வேண்டாம். சித்திரையில் சேலத்து ஷீட் கூரைக்குக் கீழே பிம்பத்தைத் தெளிவாக்கத் திருகும் ஃபோகஸரின் கிரீஸ் இளகி வழியும். ஐபீஸ் செருகும் ஓட்டையை மூடாமல் விட்டால் குளவி மண்ணடைத்து வீடு கட்டும், அது என் அனுபவம். குறிபார்க்க உதவும் ஃபைண்டரின் பட்டன் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், இரண்டு ஊருக்கும் நடுவில் நடப்பது. ஏற்காட்டில் விடியற்காலை வரை பார்த்துவிட்டு, குளிர்ந்த குழாயை நேராகக் காரில் போட்டு ஒரு மணி நேரத்தில் அஸ்தம்பட்டி வந்து மூடியைத் திறந்தால், கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். குளிர்ந்த சொம்புக்கு வெளியே நீர் கோப்பது மாதிரிதான். மலையிலேயே மூடி போட்டு, வேட்டியில் சுற்றி, வீட்டுக்கு வந்தபின் மூன்று நான்கு மணி நேரம் தொடாமல் விட்டால் உள்ளே மெல்லச் சூடேறும். மேலேயே பனி இறங்கி நனைந்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. அங்கேயே அறைக்குள் வைத்து, மூடியைக் கழற்றி, வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்து உலர விட்டு, பிறகுதான் மூட வேண்டும். ஈரத்தை வைத்து மூடினால் நாமே நட்ட நாற்று.

ஒரு தடவை நனைந்த குழாயைப் பார்த்த சித்தப்பா, “வெயில் வந்துடுச்சு, வத்தல் தட்டுப் பக்கத்துல வெச்சிரட்டா?” என்றார். ஓடிப்போய்த் தடுத்தேன். உள்ளே இருப்பது குழிக்கண்ணாடி. வெயில் நேராக இறங்கினால் வத்தலோடு சேர்த்து வேறு எதையாவதும் வறுத்துவிடும்.