ஊர்வன கடைக்கு ஸ்டாக் எடுக்கறவங்க கவனத்துக்கு: 85,000 ரூபாயை முழுங்கிட்டான்

கொளத்தூர்ல வண்ணமீன் கடை வெச்சிருக்கேன். மீன்ல போட்டி தாங்கல, ஊர்வனப் பிரிவு சேர்க்கலாம்னு கண்ணாடிக் கூண்டு, ஹீட் லேம்ப், யூவிபி ட்யூப் (புற ஊதா வெளிச்சம் தர்ற விளக்கு) எல்லாம் போட்டு ரெடி பண்ணிட்டேன். வீடியோ போடற ஒரு ஆப்ல மொத்த வியாபாரின்னு சொல்லிக்கிட்ட ஒருத்தன்கிட்ட பால் பைத்தான்ங்கற சின்ன மலைப்பாம்பு ஜோடியும் இக்வானாங்கற பெரிய பல்லி வகைக் குட்டிகளும் கேட்டு 85,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டேன். ஒண்ணும் வரல. இன்னிக்குக் காலையில என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். கடை வைக்கப் போறவங்க எதெதைப் பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

எப்படி நம்ப வெச்சான்னு கேளுங்க, உங்ககிட்டயும் இப்படித்தான் வருவான். விலையைப் பத்திப் பேசவே இல்ல. "அண்ணா, கூண்டுல சூடான பக்கம் எத்தனை டிகிரி?"ன்னு கேட்டான். 32ன்னேன். "சரியா வெச்சிருக்கீங்க, மறுபக்கம் 26 இருக்கட்டும், பாம்பு தானா இடம் மாறிக்கும்"னான். யூவிபி வெளிச்சம் இல்லாம கால்சியம் மட்டும் குடுத்தா இக்வானாவுக்கு உடம்புல சேராது, எலும்பு வளைஞ்சிடும்னு அவனே சொன்னான். கடை வெச்சிருக்கற பல பேருக்கே இது தெரியாது! வீடியோ கால்ல பாம்பைக் கையில எடுத்துக் காட்டினான். அப்புறம் பரிவேஷ்ங்கற மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத் தளத்தோட பதிவுச் சான்றிதழ் அனுப்பினான். சைட்டிஸ்ங்கற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தோட பட்டியல்ல இருக்கற உயிரினத்தை வெச்சிருந்தா 2024 விதிப்படி அந்தத் தளத்துல பதியணும், கை மாறினாலும் தெரிவிக்கணும். பேப்பர் பக்காவா இருக்குன்னுதான் பணத்தைப் போட்டேன். இப்பப் பெரிசு பண்ணிப் பார்த்தா பேர் இருக்கற இடத்துல மட்டும் எழுத்து வேற. யாரோட சான்றிதழ்லயோ தன் பேரை ஒட்டியிருக்கான் பாவி.

பணம் போனதும் சாக்கு ஆரம்பிச்சது. வெயில் ஜாஸ்தி, வழியில செத்துடும்னான். வண்டிக்காரன் வரலன்னான். வீட்ல சாவுன்னான். 85,000 ரூபாயைத் திருப்பிக் குடுடான்னா, "பணம் முடியாதுண்ணா, பதிலுக்கு நட்சத்திர ஆமை அனுப்பறேன், உடனே வித்துடும்"ங்கறான். நட்சத்திர ஆமை வனவிலங்குச் சட்டத்துல அட்டவணை 1, அதாவது உச்ச பாதுகாப்பு உள்ள பட்டியல். மாட்டினா குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் உள்ள போகணும். என் பணத்தையும் தின்னுட்டு என்னை ஜெயிலுக்கும் அனுப்பப் பார்க்கறான். மாட்டேன்னதும், "போலீஸுக்குப் போனா பாம்பு வாங்கினேன்னு உங்க மேலதான் கேஸ் வரும்"னு மிரட்டல். இந்த மிரட்டலுக்குப் பயந்துதான் எத்தனை பேர் வாயை மூடிட்டு இருக்காங்களோ. பேங்க்ல கேட்டா, நீங்களே அனுப்பின பணம், நாங்க என்ன பண்றதுங்கறாங்க. 85,000 ரூபாய் சார், பொண்டாட்டி நகையை அடகு வெச்ச காசு.

விவரமா எழுத உட்கார்ந்தேன், முடியல, ஸ்டேஷனுக்குக் கிளம்பணும். நேர்ல பார்க்காம அட்வான்ஸ் போடாதீங்க. சான்றிதழ் போட்டோவை வனத்துறை ஆபீஸ்ல காட்டிக் கேளுங்க. கடைக்கு மாநில விலங்குகள் நல வாரியத்துப் பதிவு கட்டாயம், அதை முதல்ல வாங்குங்க. நட்சத்திர ஆமை, உடும்பு எவன் குடுத்தாலும் தொடாதீங்க. பணம் போனா அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் அடிங்க.

இதே மாதிரி ஆமை தரேன்னு உங்ககிட்ட எவனாவது சொல்லியிருந்தா சாட் மெசேஜை அழிக்காம எனக்கு அனுப்புங்க, புகாரோட சேர்க்கணும்.