சிற்றலை ரேடியோ: ரங்கூன் வீடுகளுக்கு வாங்கத் தகுந்ததா?

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய சில நாட்களிலேயே ஃபேஸ்புக் முடக்கப்பட்டது. அம்மாத நடுவிலிருந்து இரவு ஒரு மணி தொடங்கி காலை ஒன்பது மணி வரை இணையமும் நிறுத்தப்பட்டது. மார்ச் 8 அன்று மிஸ்ஸிமா, டிவிபி, மியான்மர் நவ் உள்ளிட்ட ஐந்து செய்தி நிறுவனங்கள் உரிமம் இழந்தன. மே மாதத்தில், டிஷ் ஆண்டெனா வைத்திருப்போருக்கு ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் கியாட் அபராதம் என்று அரசுத் தொலைக்காட்சி அறிவித்தது. பெரியவர்களோடு போய்விட்டதாக நாம் எண்ணியிருந்த, தொலைதூர நாடுகளின் ஒலிபரப்பையும் பிடிக்கும் சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோவுக்கு இதன் பிறகுதான் மறுபடியும் மதிப்பு வந்தது.

நான் பயன்படுத்துவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சீனத் தயாரிப்பு. ஏறக்குறைய இதே கருவி பல பெயர்களில் விற்கப்படுவதால், பெயரை விட்டுவிட்டு, அலைவரிசை எண்ணை நேரடியாக அழுத்த முடிகிறதா, இயர்போன் மாட்டலாமா, பேட்டரி தனியே கிடைக்குமா என்று பார்ப்பதே பயனுள்ளது. என்னுடையதில் பழைய நோக்கியா கைபேசிகளின் பிஎல்-5சி பேட்டரி பொருந்துகிறது என்பதால் மாற்று பேட்டரி தேடி அலைய வேண்டியதில்லை. ஒலி சற்றுத் தட்டையானது. செய்தி கேட்க அது போதும், பாட்டுக்குப் போதாது.

நிலையங்களைப் பிடிக்கும் திறனைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். காங்கிரீட் அடுக்குமாடியின் உள்ளறையில் வைத்தால் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காது. ஐந்தாறு மீட்டர் செம்புக் கம்பியைச் சன்னல் வழியே வெளியே விட்டு, அதன் மறுமுனையை ஆண்டெனாவில் கவ்வியால் பிணைத்தால், இரவு நேரத்தில் 31 மீட்டர், 41 மீட்டர் பட்டைகளில் (சிற்றலை நிலையங்கள் கூடியிருக்கும் அலைவரிசைப் பகுதிகளில்) தொலைதூர நிலையங்கள் தெளிவாகவே விழுகின்றன. எல்இடி விளக்கும் மலிவு சார்ஜரும் எழுப்பும் கரகரப்பு கரண்ட் போனதும் அடியோடு மறைந்துவிடுவதால், இந்த ஊரின் மின்வெட்டால் நன்மையடையும் ஒரே கருவி இதுவாகத்தான் இருக்கும். அதுவும் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும் வரைதான். இடி மின்னல் காலத்தில் கம்பியைக் கழற்றி வைப்பது கட்டாயம்.

1988 ஆகஸ்டு 8 பொது வேலைநிறுத்தத்துக்கான அழைப்பு பிபிசி பர்மியச் சேவை வழியாக நாடெங்கும் பரவியதை நம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த அளவு எதிர்பார்ப்போடு இன்று இந்தக் கருவியை வாங்கக் கூடாது. அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 மார்ச் 14 அன்று பிறப்பித்த ஆணையை அடுத்து, மறுநாளே, பர்மிய மொழியிலும் ஒலிபரப்பிவந்த அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஊழியர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். அதனால் அதே மாதம் 28 ஆம் தேதி இங்கே நிலநடுக்கம் நேர்ந்தபோது அந்த நிலையம் கைகொடுக்கவில்லை. தமிழில் உலகச் செய்தி கேட்க விரும்புவோருக்கும் ஏமாற்றம் உண்டு, ஏனெனில் பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுபோயிற்று.

இருப்பினும், ஒரே நிகழ்வை இரண்டு மூன்று நிலையங்களில் மாற்றி மாற்றிக் கேட்டு நிதானமாக ஒப்பிடும் வசதி கைபேசியில் எனக்கு வாய்த்ததில்லை. 2025 டிசம்பர் 28 அன்று தொடங்கிய தேர்தலைப் பற்றிய செய்தியில், ஆங் சான் சூச்சியின் கட்சியான தேசிய ஜனநாயகக் கழகம் 2023 இலேயே கலைக்கப்பட்டதும், போர் நடக்கும் பல நகரியங்களில் வாக்குப்பதிவே இல்லாததும் எந்த நிலையத்தில் சொல்லப்படுகின்றன, எதில் விடுபடுகின்றன என்பதைக் கவனித்தாலே நிலையத்தின் தரம் விளங்கிவிடும். தவிர, சாலைச் சோதனையில் கைபேசியைத் திறந்து பார்ப்பவர்களால், நேற்றிரவு ரேடியோவில் என்ன கேட்டோம் என்பதைக் கண்டுபிடிக்க முடியாது; கடைசியாக வைத்த அலைவரிசையை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

முடக்கப்பட்ட இணையத்தளங்களைத் திறக்க உதவும் விபிஎன் தடையின்றி ஓடுகிற வீட்டில் இது அவசியமில்லை. இணையம் அடிக்கடி அறுந்துபோகும் பேட்டைகளில் இருப்பவர்களும், ஆங்கிலமோ பர்மிய மொழியோ காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் முதியவர்களும் தயங்காமல் வாங்கலாம். கடையிலேயே இருட்டிய பிறகு போட்டுக் காட்டச் சொல்வது நல்லது. பகலில் எல்லா ரேடியோவும் ஒன்றுபோலவே இரையும்.