வட்ட முத்திரை சாவரின் கார்னெட்: 18 ஆண்டுகள் ஊதிய பிறகு

டிரம்பெட் போன்ற பித்தளை ஊதுவாத்தியமான இந்தக் கார்னெட்டை 2006இல் வாங்கினேன். யார்க்‌ஷயரில் ஒரு சிற்றூர் பிராஸ் பேண்டில் அப்போதுதான் மூன்றாம் கார்னெட்டாகச் சேர்ந்திருந்தேன். இன்று முதன்மை மெட்டு வாசிக்கும் சோலோ வரிசையில் கடைசி நாற்காலி. இதற்குள் உதடு வைத்து ஊதும் மவுத்பீஸ் மூன்று முறை மாறிவிட்டது, பெட்டி இரண்டு முறை கிழிந்துவிட்டது. வாத்தியத்தை மட்டும் மாற்றத் தோன்றவே இல்லை. பெஸன் நிறுவனத்தின் சாவரின், 1970களின் பிற்பகுதியில் லண்டன் எட்ஜ்வேர் தொழிற்சாலையில் செய்தது. ஒலி வெளிவரும் விரிந்த முனையான மணிவாயில் பெஸன் பெயர் வட்ட முத்திரையாக இருப்பதால் பேண்டுக்காரர்களிடையே இதற்கு ‘வட்ட முத்திரை’ என்றே பெயர்.

பழைய கார்னெட் தேடுகிறவர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: புதியதை வாங்கலாமா, இதைத் தேடிப் பிடிக்கலாமா? இந்த வாத்தியம் எப்படி இந்த உருவத்துக்கு வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கே பதில் கிடைத்தது.

டிரம்பெட்டும் கார்னெட்டும் ஒரே நீளம். சுருளைப் பிரித்து நீட்டினால் இரண்டும் ஏறத்தாழ நாலரை அடி. டிரம்பெட்டில் குழாயின் பெரும்பகுதி ஒரே அகலத்தில் ஓடி, கடைசியில் விரியும். கார்னெட்டில் மவுத்பீஸ் முனையிலிருந்தே குழாய் மெல்ல மெல்ல அகலமாகிக்கொண்டு வரும். மவுத்பீஸும் கிண்ணமாக இல்லாமல் ஆழமான புனல்போல் இருக்கும். அதனால்தான் டிரம்பெட்டின் ஒலி ஈட்டிபோல் பாய்கிறது, கார்னெட்டின் ஒலி மனிதக் குரல்போல் கனிந்து வருகிறது. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டில் 25 பேர் வாசித்தால் பத்துப் பேர் கையில் கார்னெட் இருக்கும். அங்கே ஒருவர் ஒலி மட்டும் தனியாகத் தெரிந்தால் அது பெருமை அல்ல, பிழை. பத்தும் ஒன்றோடொன்று கரைய வேண்டும்.

சேர்ந்த புதிதில், பேண்டு அலமாரியில் கிடந்த பழைய பெஸன் நியூ ஸ்டாண்டர்டு ஒன்றைக் கொடுத்தார்கள். குரல் தேன். சுருதியோ என்னை அழவைத்தது. நடுச் சுரங்கள் சேர்ந்தால் மேல் சுரங்கள் விலகும். மேலே சரிசெய்தால் கீழே கலையும். என் உதடுதான் சரியில்லை என்று ஆறு மாதம் நினைத்தேன். பிறகு பக்கத்து நாற்காலிப் பெரியவர் அதை வாங்கி, சுருதி சேர்க்க இழுத்துத் தள்ளும் குழாய்களான ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக உருவி மேசைமேல் வைத்தார். எல்லாக் கால்களிலும் ஒட்டு. பழைய பித்தளையின் நுனியில் புதுப் பித்தளையைப் பற்றவைத்து நீட்டியிருந்தார்கள்.

காரணம் சுருதி மாற்றம். உலகம் 1939இல் ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வுகள் என்று ஒப்புக்கொண்ட பிறகும், இங்கிலாந்தின் பிராஸ் பேண்டுகள் 452.5லேயே நின்றன. வித்தியாசம் ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி. ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் வாரச் சம்பளத்தில் காசு போட்டு வாங்கிய வாத்தியங்கள் அவை. 25 வாத்தியங்களை ஒரேயடியாக மாற்ற எந்த ஊரிடம் பணம் இருந்தது? 1960களின் நடுவில் பூஸி அண்டு ஹாக்ஸ் என்ற வாத்தியத் தயாரிப்பு நிறுவனம் உயர்சுருதி வாத்தியங்கள் செய்வதை நிறுத்திய பிறகுதான் பேண்டுகள் இறங்கிவந்தன. புதியது வாங்க முடியாதவர்கள் பழையதை அறுத்து நீட்டினார்கள். கார்னெட்டுக்கு மொத்தம் சுமார் நான்கு சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். அதை ஒரே அகலமான ஸ்லைடில் கூட்டினால், மெல்ல விரிய வேண்டிய குழாயின் நடுவே விரியாத துண்டு ஒன்று கூடிவிடுகிறது. நீளம் சரியாகிறது, விகிதம் கெடுகிறது. நான் ஆறு மாதம் போராடியது அந்தத் துண்டோடுதான்.

விகிதம்தான் பெஸன் பெயருக்கே அடிப்படை. குஸ்தாவ் பெஸன் பாரிஸில் தொடங்கி, 1850களில் லண்டனுக்கும் வந்தவர். குழாயின் ஒவ்வொரு பகுதிக்கும் துல்லியமாகக் கடைந்த எஃகு அச்சுகளைச் செய்துவைத்து, எல்லாக் குழாய்களையும் அந்த அச்சுகளின் மேலேயே உருவாக்கினார். முதல் வாத்தியம் எப்படியோ நூறாவதும் அப்படியே. பழைய லண்டன் பெஸன்களில் ‘புரோட்டோடைப்’ (மூல மாதிரி) என்ற சொல்லையும் யூஸ்டன் சாலை முகவரியையும் இன்றும் படிக்கலாம். அச்சு என்ற கருத்தின் மேல் அவர்களுக்கு இருந்த பெருமை அந்தச் சொல்லில் இருக்கிறது.

போட்டி நிறுவனமான பூஸியில் டேவிட் பிளெய்க்லி வேறொரு சிக்கலைப் பிடித்துக்கொண்டார். வால்வு என்பது காற்றைக் கூடுதல் குழாய் வழியே திருப்பும் விரல் விசை. மூன்று வால்வையும் சேர்த்து அழுத்தும்போது, அவை கூட்டும் குழாய் தேவையான அளவுக்குப் போதாது. கணக்குப்படி கீழ் சி ஷார்ப் அரைச் சுரத்தில் பாதி ஏறி நிற்கும். மூன்றாம் வால்வின் காற்றை மற்ற இரண்டு வால்வுகளின் வழியே மறுபடி திருப்பி, குறைந்த நீளத்தைச் சின்னஞ்சிறு வளையங்களால் ஈடுகட்டும் முறைக்கு 1874இல் அவர் காப்புரிமை பெற்றார். பெரிய வாத்தியங்களான யூஃபோனியத்துக்கும் டியூபாவுக்கும் அது வரப்பிரசாதம். இன்றும் அதே முறைதான். கார்னெட்டில் ஒட்டவில்லை. இவ்வளவு சிறிய உடம்பில் அத்தனை வளைவுகள் வந்தால் எடை ஏறுகிறது, காற்று தயங்குகிறது. விரலால் ஸ்லைடைத் தள்ளிச் சரிசெய்யும் எளிய வழியே நிலைத்தது.

பூஸியும் ஹாக்ஸும் 1930இல் இணைந்தன. 1948இல் பெஸனும் அவர்களிடம் போனது. சுருதி மாற்றம் முடிந்து, 1970களில் அந்தக் கூரையின் கீழ் வந்ததுதான் சாவரின். 440க்கென்றே பிறந்த குழாய், ஒட்டுப்போடாத விகிதம். மேய்ப்பன் கோல்போல் உருண்டு திரும்பும் அந்தப் பழைய வளைவை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

என் கையில் இருப்பது நடுத்தரத் துளை, அதாவது குழாயின் உள்ளகலம் நடுத்தரம். பின்னாளில் நடுத்தரத்துக்கு 927, பெரிய துளைக்கு 928 என்ற எண்கள் நிலைபெற்றன. போட்டிகளில் வாசிக்கும் பேண்டுகள் பெரும்பாலும் 928 பக்கம் சாய்ந்தன. இரண்டையும் ஊதியிருக்கிறேன். பெரிய துளை உரத்த இடங்களில் அள்ளிக் கொடுக்கும், ஆனால் மூச்சையும் அள்ளிக் கேட்கும். நடுத்தரத் துளையில் மெல்லிய ஒலியைத் தொடங்கும் கணத்திலேயே சுரம் பிடித்துக்கொள்கிறது. போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் மாத நினைவு நாளில், விரல் விறைத்த குளிரில், கிறித்துவப் பாடல் ஒன்றின் முதல் சுரத்தை வெறும் மூச்சளவில் எடுக்க வேண்டியிருக்கும். இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தில் இது என்னைக் கைவிட்டதில்லை. நாகர்கோவிலில் இரட்சணிய சேனை பேண்டைக் கேட்டு வளர்ந்த என் காதுக்கு, கார்னெட் என்றால் அந்த மெல்லிய தொடக்கம்தான்.

‘அந்தக் காலத்துப் பித்தளை’ என்ற பேச்சை நான் நம்புவதில்லை. பூஸி அண்டு ஹாக்ஸில் வடிவமைப்பாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்மித், வெவ்வேறு தடிமனில் செய்த டிராம்போன் மணிவாய்களைத் தேர்ந்த கலைஞர்களிடம் எது எது என்று காட்டாமல் கொடுத்துச் சோதித்தார். அவர்களால் வேறுபாட்டைச் சொல்ல முடியவில்லை. உள்ளே இருக்கும் காற்றின் வடிவம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது. அதனால் ஒரு வட்ட முத்திரை நன்றாக இருந்தால் அதன் உட்குழாய் நன்றாக இருக்கிறது என்று பொருள். முத்திரைக்குள் மந்திரம் இல்லை.

குறைகளும் உண்டு. கீழ் டி இன்றும் ஏறும். மோதிர விரலால் மூன்றாம் ஸ்லைடைத் தள்ளியே ஆக வேண்டும், மறந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். எட்டாம் ஆண்டில் மவுத்பீஸ் பொருந்தும் குழாயில் வெள்ளி தேய்ந்து, பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றின. மூச்சின் ஈரம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்துச் செம்பை மட்டும் விட்டுவைப்பதன் அடையாளம் அது. அந்தக் குழாயை மாற்ற வேண்டியதாயிற்று. பழைய விகிதத்திலேயே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், பழுது பார்ப்பவர் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். காத்திருந்தது வீண்போகவில்லை.

வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைச் சட்டென்று உருவுங்கள். போத்தல் மூடி திறப்பதுபோல் ‘டப்’ என்று ஒலி வந்தால் வால்வு இறுக்கமாக இருக்கிறது. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் காற்று கசிகிறது. வால்வுக்கு மறுபடி முலாம் பூசி இழைக்க, வாத்தியத்தின் விலையில் கணிசமான பங்கு போய்விடும். என்னுடையதில் முதல் வால்வின் ‘டப்’ சென்ற ஆண்டிலிருந்து மங்கிக்கொண்டு வருகிறது. ஜூன் மாத அணிவகுப்புகள் முடிந்ததும் மூன்று வால்வுகளையும் இழைக்கக் கொடுக்கப்போகிறேன்.