சேவையைச் சொன்னால் கட்டளைகளை எழுதித் தரும் கருவி: சிஸ்கோ என்எஸ்ஓ மதிப்பாய்வு

நிறுவன வலையமைப்பில் கிளை இணைப்பு போன்ற ஒரு சேவையைச் சேர்ப்பதைவிட, சேர்த்ததை முழுமையாக நீக்குவதே கடினம். ஒரு கிளை அலுவலகம் மூடப்படும்போது, அதற்காக எழுதிய விலான்கள் (வலையமைப்பைத் தருக்கரீதியாகப் பிரிக்கும் பகுதிகள்), அணுகல் விதிகள், ஃபயர்வாலில் திறந்துவைத்த போர்ட்டுகள் ஆகியவற்றுள் எவை அந்தக் கிளைக்கு மட்டும் உரியவை, எவற்றை வேறு சேவைகளும் பயன்படுத்துகின்றன என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் இருப்பதில்லை. அழித்தால் வேறு எது அறுந்துபோகுமோ என்ற அச்சத்தில் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, எதற்காக எழுதப்பட்டவை என்று யாருக்கும் தெரியாத கட்டளை வரிகள் சாதனங்களில் குவிகின்றன. வலையமைப்புச் சாதனங்களின் கட்டமைப்பை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளான சிஸ்கோவின் நெட்வொர்க் சர்வீசஸ் ஆர்கெஸ்ட்ரேட்டர், அதாவது என்எஸ்ஓ, இந்தச் சிக்கலின் வேரைத் தொடுகிறது என்பதே அதை நான் உயர்வாக மதிப்பதற்கு முதற்காரணம்.

ஸ்டாக்ஹோமில் இயங்கிய டெயில்-எஃப் என்ற நிறுவனம் உருவாக்கிய இந்தக் கருவி, அந்நிறுவனத்தை 2014-இல் சிஸ்கோ வாங்கியபோது அதன் கைக்கு வந்தது. இதன் அடிப்படைச் சிந்தனை இன்னும் பழையது. 2002-இல் இணையக் கட்டமைப்பு வாரியம் நடத்திய பட்டறையில், சாதனங்களைத் தனித்தனியாக அல்லாமல் வலையமைப்பை ஒரே முழுமையாகக் கட்டமைக்க வழி வேண்டும் என்று வலையமைப்புகளை இயக்குவோர் கேட்டார்கள். அது மறு ஆண்டு ஆர்எஃப்சி 3535 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. அந்தக் கோரிக்கையைப் பின்பற்றியே 2006-இல் சாதனங்களின் கட்டமைப்பை மாற்றுவதற்கான நெட்கான்ஃப் நெறிமுறையும், 2010-இல் அந்தக் கட்டமைப்பின் அமைப்பை விவரிக்கும் யாங் என்ற மாதிரி மொழியும் தரநிலைகளாயின. என்எஸ்ஓ முழுக்க முழுக்க இவ்விரண்டின் மேல் எழுந்தது.

இதில் சேவை என்பது யாங் மொழியில் எழுதிய ஒரு மாதிரி. கிளையின் பெயர், இணைப்பு வேகம், சேர வேண்டிய பாதுகாப்பு மண்டலம் போன்ற சில உள்ளீடுகளை மட்டும் அது கேட்கும். அவற்றைச் சாதனக் கட்டமைப்பாக மாற்றும் பணியை எக்ஸ்எம்எல் வார்ப்புருக்களும், தேவைப்பட்டால் பைத்தான் அல்லது ஜாவா நிரலும் செய்கின்றன. நிரலாளர் எழுத வேண்டியது உருவாக்கும் பகுதியை மட்டுமே. மாற்றுவதையும் நீக்குவதையும் ஃபாஸ்ட்மேப் என்ற நெறி தானே கணக்கிட்டுக்கொள்கிறது. ஒரு சேவை உருவானபோது எந்தெந்த வரிகள் அதனால் வந்தன என்பதை அது பதிந்து வைத்திருக்கும். உள்ளீடு ஒன்று மாறினால், பழைய விளைவைத் தன் தரவுத்தளத்துக்குள்ளேயே திரும்பப் பெற்று, புதிய உள்ளீட்டுடன் நிரலை மீண்டும் ஓட்டி, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் சாதனத்துக்கு அனுப்பும். ஒரே வரியை இரண்டு சேவைகள் பகிர்ந்துகொண்டால் அதற்கும் எண்ணிக்கை வைத்திருக்கும். கடைசிச் சேவை போகும்வரை அந்த வரி நிற்கும். இந்த ஒரு நெறிக்காகவே இக்கருவியைக் கற்கலாம் என்பேன். ஆன்சிபிள் போன்ற தானியங்கல் கருவிகள் எளிமையானவை, பல பணிகளுக்குப் போதுமானவை. ஆனால் செய்ததை அவை நினைவில் வைப்பதில்லை என்பதால், நீக்கும் பணியைத் தனியே எழுதி, தனியே பராமரிக்க வேண்டியிருக்கிறது.

மாற்றங்கள் அனைத்தும் ஒரே பரிவர்த்தனையாக நடக்கின்றன. பல சாதனங்களைத் தொடும் மாற்றத்தில் ஏதேனும் ஒன்று மறுத்தால், மற்றவையும் பழைய நிலைக்குத் திரும்பும். பரிவர்த்தனையை ஆதரிக்காத பழைய சாதனமாக இருந்தாலும், எதிர்க்கட்டளைகளைக் கணக்கிட்டு அனுப்பி அதே விளைவைப் பெற முயல்கிறது. கமிட் (மாற்றத்தை உறுதிசெய்து அனுப்பும் கட்டளை) கொடுப்பதற்கு முன், ட்ரை-ரன் எனப்படும் ஒத்திகை மூலம் ஒவ்வொரு சாதனத்துக்கும் செல்லவிருக்கும் கட்டளைகளை அதனதன் மொழியிலேயே படித்துப் பார்க்கலாம். தானியங்கலை நம்பத் தயங்கும் மூத்த பொறியாளரின் தயக்கத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கொள்கைப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல் தரவில் தேடுவதற்கான மொழி) கோவையாக ஒரு விதியை எழுதிவைத்தால், கருவி வழியே வந்து அதை மீறும் எந்த மாற்றத்தையும், அதைச் செய்பவர் யாராக இருந்தாலும், கருவி எச்சரிக்கும் அல்லது முற்றாக மறுக்கும். தணிக்கையின்போது மீறலைக் கண்டுபிடிப்பதற்கும், மீறல் சாதனத்தை எட்டுவதற்கு முன்பே நிற்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இணக்க அறிக்கைகளும் உண்டு; அவை தம் வேலையைச் செய்கின்றன.

குறைகள் சிறியவை அல்ல. நெட்கான்ஃப் பேசாத சாதனங்களுக்கு நெட் (NED) எனப்படும், சாதனத்தின் மொழிக்கு மாற்றித்தரும் இயக்கிகள் தேவை. அவை தனி உரிமத்தில் வருவதால், பல நிறுவனங்களின் சாதனங்கள் கலந்துள்ள இடத்தில் செலவு ஏறும். சாதனத்தின் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது இயக்கியும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அதைவிடக் கடினமானது மனிதப் பழக்கம். ஒருவர் நள்ளிரவு அவசரத்தில் நேரடியாக ரவுட்டரில் நுழைந்து ஒரு வரியை மாற்றினால், கருவியின் தரவுத்தளமும் சாதனமும் பொருந்தாமல் போகும். அடுத்த கமிட் இயல்பாகவே மறுக்கப்படும். வேறுபாட்டைக் காட்டவும், சாதனத்தின் நிலையை உள்வாங்கவும், தன் நிலையை அதன்மேல் எழுதவும் கட்டளைகள் உள்ளன. ஆனால் இவற்றுள் எதைச் செய்வது என்ற முடிவைக் கருவி எடுக்காது. அதற்கான நடைமுறையைக் குழு முன்பே வகுத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பில் இதை நுழைப்பது இன்னும் பொறுமை கோரும் வேலை. கையால் எழுதிய பழைய கட்டமைப்பு தளத்துக்குத் தளம் சற்றே மாறியிருக்கும். அதைச் சேவையின் உடைமையாக மாற்ற, முதலில் மாதிரி அந்த வேறுபாடுகளை விளங்கிக்கொள்ள வேண்டும், அல்லது தளங்களை ஒரே சீருக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாம் வழியே நல்லது என்பது என் கருத்து. விதிவிலக்குகளையெல்லாம் மாதிரிக்குள் திணித்தால், உள்ளீடுகள் பெருகி, எளிய சேவை என்ற பயனே கரைந்துவிடும்.

ஒரே வகையான சுவிட்சுகள் சிலவற்றை மட்டும் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல நிறுவனங்களின் சாதனங்களும், ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வரும் சேவைகளும், நிரல் எழுதத் தெரிந்த ஓரிருவரும் இருக்கும் இடத்துக்கு இது மிகவும் ஏற்றது. உற்பத்திச் சூழலுக்கு வெளியே கற்பதற்கும் சோதிப்பதற்கும் சிஸ்கோ இதைக் கட்டணமின்றித் தருகிறது. உடன் வரும் நெட்சிம், உண்மையான சாதனம் ஒன்றுகூட இல்லாமல் அவற்றின் கட்டமைப்பு இடைமுகத்தைப் போலியாக உருவாக்கித் தரும். அதில் உங்கள் வலையமைப்பில் அடிக்கடி சேர்க்கவும் நீக்கவும் படும் ஒரே ஒரு சேவையை மட்டும் மாதிரியாக எழுதி, உருவாக்கி, மாற்றி, நீக்கிப் பாருங்கள். நீக்கிய பின் சாதனத்தில் எந்த வரியும் மிஞ்சவில்லை என்பதைச் சரிபார்த்த பிறகு உரிமத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.