முட்டை குடிக்கும் கோழிக்குக் கூடு வாங்கப் போகிறீர்களா? என் 7,400 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஆறப்போட மனசில்லை, இப்போதே எழுதுகிறேன். சமூக ஊடகத்தில் வீடியோ போட்டுக் கோழிக்கூடு விற்கிற ஒரு பக்கம் என்னிடம் 7,400 ரூபாயைச் சுருட்டிவிட்டது.

எங்கள் நாட்டுக்கோழிகளில் ஒரு பெட்டை முட்டை குடிக்கப் பழகியது. அதைப் பார்த்து மற்றவையும் ஆரம்பித்துவிட்டன. கூட்டில் ஈர வைக்கோலும் ஓட்டுத் துணுக்கும்தான் மிச்சம்.

வீடியோவில் கோழி எழுந்ததும் முட்டை சரிவில் உருண்டு, மூடி போட்ட தட்டுக்குள் போய்விடுகிறது. ஏற்பாட்டில் குறையே இல்லை. பெரிய பண்ணைக் கூண்டுகளிலும் அடித்தளம் சாய்வாகத்தான் இருக்கும். போன் செய்தேன். நாமக்கல் பக்கம் என்றார். விலையைச் சொல்லும் முன்பே, "அக்கா, தீனி என்ன போடறீங்க? கிளிஞ்சல் வைக்கறீங்களா?" என்று கேட்டார். ஓடு மெலிந்தால் முட்டை உடையும், உடைந்ததை ருசி பார்த்த கோழி அப்புறம் விடாது என்று பொறுமையாக விளக்கினார். கோழி வளர்த்தவர் பேச்சு அது. அந்தப் பேச்சை நம்பித்தான் முழுப் பணத்தையும் முன்னாலேயே போட்டுவிட்டேன்.

வந்த பெட்டியின் தகரத் தரை நடுவில் குழிந்திருக்கிறது. முட்டை அந்தக் குழியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. கையால் தள்ளினாலும் தட்டுக்குப் போகிற இடுக்கில் பாதி நுழைந்து மாட்டிக்கொள்கிறது, மீதிப் பாதி கோழியின் அலகுக்கு நேராக. முதல் முட்டையையே குடித்துவிட்டு அலகில் மஞ்சள் கருவோடு நின்றது.

கேட்டால், "கோழி பழகணும்க்கா." அப்புறம், "வீடியோ எடுத்து அனுப்புங்க." அனுப்பினேன், நீல டிக் மட்டும் விழுந்தது. அப்புறம் வேறொரு பையன் எடுத்து, "ஓனர் வெளியூர்" என்றான். கடைசியில், "உங்க கோழி பெரிய சைஸ், இந்தக் கூடு அதுக்கு இல்ல." கோழிகளின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தானே பணம் வாங்கினீர்கள்! 7,400 ரூபாய், அத்தனையும் முட்டை விற்றுச் சேர்த்த காசு.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. உருளும் கூடு வேண்டுமென்றால் நேரில் போய் ஒரு முட்டையை வைத்து உருட்டிப் பார்த்து வாங்குங்கள். முழுப் பணத்தை முன்னால் தராதீர்கள், பில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, ஆன்லைன் பண மோசடிக்கு 1930. நான் 1915இல் புகார் கொடுத்தாயிற்று.

கோழிக்கு? பெரும்பாலும் மதியத்துக்குள் முட்டையிட்டுவிடும், அதனால் காலையில் அடிக்கடி போய் எடுத்துவிடுங்கள். கூட்டை இருட்டாக வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். அரிசி, கம்பு மட்டும் போட்டால் அது கிடைக்காது, கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டை ஓடு போடுவதாக இருந்தால் நன்றாகப் பொடித்துத்தான் போட வேண்டும். அந்தப் பக்கத்தின் வீடியோ உங்களுக்கும் வரும், 7,400 ரூபாய் என்றுதான் விலை சொல்வார்கள். அனுப்பிவிடாதீர்கள்.