குடியை நிறுத்தக் குழு தேடுகிறீர்களா? முன்பணம் கேட்கும் எண்களிடம் ஏமாறாதீர்கள்

குடியிலிருந்து மீள அக்கம்பக்கத்தில் கூட்டம் ஏதும் நடக்கிறதா என்று தேடும் குடும்பங்கள் திரும்பத் திரும்ப ஒரே வலையில் விழுகின்றன. "இலவச உதவி எண், 24 மணி நேரமும்" என்று தேடலில் முதலில் வந்து நிற்கும் எண்களில் சில எந்தக் குழுவுக்கும் சொந்தமானவை அல்ல, தரகர்களுடையவை. ஆளைச் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று மறுவாழ்வு மையம் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும்.

பேச்சு எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் தப்பிக்கலாம். எடுப்பவர் மிகக் கனிவாகப் பேசுவார். கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டால் பதில் வராது. வயது என்ன, என்ன வேலை, காப்பீடு இருக்கிறதா, பணம் கட்டப்போவது யார் என்று எதிர்க்கேள்விகள்தான் வரும். "அவர் இருக்கிற நிலைக்குக் கூட்டமெல்லாம் போதாதும்மா" என்பார். அடுத்து, ஒரே ஒரு படுக்கைதான் காலி, இன்று மாலைக்குள் முன்பணம் போட்டால் வண்டியே வீட்டுக்கு வரும் என்பார். பல இரவுகள் தூங்காத மனைவியோ தாயோ அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்க முடியாது. பணம் போய்விடும். போய்ப் பார்த்தால் மருத்துவரும் இல்லை, கூட்டமும் இல்லை, பூட்டிய அறைதான். திருப்பிக் கேட்டால், கையெழுத்து வாங்கிய தாளில் "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டுவார்கள்.

உண்மையான குழுவை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய, குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில், அதாவது ஏ.ஏ.வில், சேரக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. கூட்டத்தில் பையோ தட்டோ சுற்றி வரும். அது அறை வாடகைக்கும் தேநீருக்கும். புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டியதில்லை. ஏ.ஏ. குழுக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும், 1950இல் ஏற்கப்பட்ட 12 மரபுகளில் ஆறாவதின்படி, வெளி நிறுவனம் எதற்கும் ஏ.ஏ. தன் பெயரைக் கொடுக்கக் கூடாது, பரிந்துரை செய்யவும் கூடாது. எனவே "இது ஏ.ஏ.வே நடத்தும் மையம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஏ.ஏ. உறுப்பினர்கள் மருத்துவமனைக்கோ மையத்துக்கோ வந்து கூட்டம் நடத்துவது உண்டு. அதனால் அந்த இடம் ஏ.ஏ.வுடையது ஆகிவிடாது.

போனில் மூன்றே கேள்வி கேளுங்கள்: அடுத்த கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்? அது யாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா? வருவதற்குப் பணம் ஏதும் உண்டா? குழுக்காரர் இவற்றுக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார், முழுப்பெயரைக்கூடக் கேட்கமாட்டார். பழைய பட்டியலை நம்பிப் போய் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய. கூட்டம் நடக்கும் நாளன்றே ஒருமுறை கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தினமும் அதிகம் குடித்தவரை "இன்றே அடியோடு நிறுத்து" என்று எந்தக் குழு சொன்னாலும் கேட்காதீர்கள். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புவது, கடும் காய்ச்சல் என்று முற்றினால் உயிரே போகும். முதலில் மருத்துவர், கூடவே குழு என்பதுதான் சரியான வரிசை. மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உறுப்பினர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அதைக் கேட்க வேண்டாம். மருத்துவர் வேலையை உறுப்பினர்கள் பார்க்கக் கூடாது என்பதுதான் ஏ.ஏ.வின் நிலைப்பாடும்.

"அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று பொடி விற்கிறவர்களை நெருங்கவே விடாதீர்கள். அதில் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்து, தெரியாமல் அவர் குடித்துவிட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி வேளை மருந்துக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து நீடிக்கும். நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

நல்ல குழுவிலும் கவனம் வேண்டும். ஸ்பான்சர் என்பவர் நீங்கள் குடிக்காமல் இருக்கத் துணைநிற்கும் மூத்த உறுப்பினர். காசு கேட்டால், கடன் கேட்டால், புதிதாக வந்த பெண்ணிடம் நெருங்கப் பார்த்தால் உடனே விலகி வேறு குழுவுக்குப் போய்விடுங்கள். பெண்ணுக்குப் பெண்தான் ஸ்பான்சராக இருப்பது வழக்கம். ஏ.ஏ.வில் வரும் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி என்ற குழு இருக்கிறது. குடிப்பவரின் குடும்பத்தாருக்கு 1951இல் தொடங்கிய அல்-அனான் என்ற குழு தனியாக உண்டு. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால் இணையவழிக் கூட்டங்கள் நடக்கின்றன, அவற்றுக்கும் கட்டணமில்லை.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் அன்றே வங்கிக்குத் தெரிவித்து எழுத்தில் புகார் கொடுங்கள். நேரம் கடந்தால் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும். ரசீது, குறுஞ்செய்தி, அழைப்பு வந்த நேரம் எதையும் அழிக்காதீர்கள். உள்ளே இருப்பவரோடு பேச விடவில்லையென்றால் பணத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம், முதலில் காவல் நிலையத்துக்குப் போங்கள்.